துபாய் பிளக்கு

"ஏட்டி பூமாரி, கழத்து செருப்பை! இது அடுப்படியா, பஸ் ஸ்டாண்டா?"

மாமியார் பேச்சித்தாய் போட்ட சத்தத்தில் பூமாரி திரும்பிப் பார்த்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி.

"கிரைண்டரு ஷாக் அடிக்குது அத்தே. தரையெல்லாம் ஈரம். செருப்புப் போட்டாத்தான் கொஞ்சம் தாங்குது."

"ஊருல இல்லாத ஷாக்கு! தள்ளு அங்கிட்டு."

பேச்சித்தாய் வெறுங்காலோடு நின்று, ஓடுகிற கிரைண்டரில் மாவை வழித்துவிடப் போனாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அடிச்சிட்டா அத்தே?"

"வாயை மூடு. எறும்பு."

ஹாலில் சுலைமான் காத்திருந்தான். துபாயில் பூமாரி புருஷனோடு வயரிங் வேலை பார்க்கிறவன். லீவில் வந்தவன் கையில் அந்தக் கூட்டாளிதான் ஒரு பிளக்கு கொடுத்தனுப்பியிருந்தான். கரண்ட் ஒழுகினால் கண் மூடித் திறக்குமுன் தானாக அணைந்து ஆளைக் காப்பாற்றிவிடுமாம். சங்கரன்கோவில் முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது.

"தண்ணி பொழங்குத எடத்துலதான் இதை மாட்டணும் மாமா. ஒங்க மகனும் கிரைண்டருக்குன்னுதான் குடுத்துவிட்டான்."

மாமனார் சண்முகையா சிரித்தார். "மாவாட்டுததுக்கு துபாய் பிளக்கா? கலர் டி.வி.வே! வெள்ளிக்கிழமை பாட்டுக்குத் தெருவே இங்கன வந்து உக்காருது. போனா திரும்பக் கெடைக்காத சாமானுக்குத்தான் இது. டி.வி. பக்கத்துல மாட்டும்."

"அத்தே, நீங்களாவது சொல்லுங்க," என்றான் சுலைமான், அடுப்படி வாசலில் நின்ற பேச்சித்தாயிடம்.

பூமாரியும் மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"அவிய சொன்ன எடத்துலயே மாட்டுப்பா," என்றாள் பேச்சித்தாய், விரலைத் தடவிக்கொண்டே.

பூமாரிக்குக் கண் முட்டிவிட்டது. ஒரு பெட்டிக்கு இருக்கிற காவல்கூட இந்த வீட்டில் தனக்கு இல்லையே!

சண்முகையா கடைத்தெருவுக்குப் போனார். பிளக்கு வந்த பெருமையைச் சொல்லிக் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம்தான் திரும்பினார்.

"வாங்கவே, இனி இடி விழுந்தாலும் பயமில்ல..."

வாசலிலேயே நின்றுவிட்டார்.

டி.வி. இருட்டாகக் கிடந்தது. அதன் வயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தது. ஹாலுக்குள் துபாய் பிளக்கில் மாட்டிய கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் பூமாரி, காலில் அதே செருப்போடு.

"ஏட்டி, கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு? யாரு இதை இங்கன இழுத்தது?"

"நானும் சுலைமானுந்தான்," என்று அடுப்படியிலிருந்து வந்தாள் பேச்சித்தாய்.

இப்போது அவள் சத்தம் போடவில்லை.

"பிளக்கு நீங்க சொன்ன எடத்துலதான் இருக்கு. போனா திரும்பக் கெடைக்காததைத்தான் அதுக்குப் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன்."