பால் குண்டான்

முந்தாநாளிலிருந்து பால் குண்டானைக் காணோம். மிஞ்சியிருந்த அதன் மூடியையாவது காப்பாற்றலாம் என்று வஹிதா துணியோடு சேர்த்து மூட்டை கட்டினாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றான் அவள் புருஷன் கவுஸ் பாஷா.

"பாப்பாரப்பட்டிக்கு, எங்கம்மா வூட்டுக்கு. போதை ஊசிக்குன்னு அன்னைக்கு அண்டாவை வித்தீங்க. இப்ப குண்டானா?"

"விக்கலை. ஊசியை விட்டு ஒரு வருசமாகுது."

"அப்ப சாயங்காலமானா லாரி ஷெட்டுக்குப் பின்னால என்ன வேலை? அங்கதான எல்லாரும் குத்திக்கறது?"

அவன் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு போனான். மூட்டையோடு அவளும் பின்னாலேயே போனாள்.

ஷெட்டுக்குப் பின்னால் நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவள் குண்டான். கவுஸோடு சேர்ந்து ஊசிப் பழக்கத்தை விட்ட சவுரியப்பன் அதில் தண்ணீர் ஊற்றினான். கவுஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அவர்கள் ஊசிகளை வாங்கி உள்ளே போட்டான்.

"எய்ட்ஸுன்னு புதுசா ஒரு நோயி, மெட்ராஸ்ல வந்திருச்சாம். ஒருத்தன் ஊசியை இன்னொருத்தன் குத்துனா ஒட்டிக்குமாம். விடுங்கடான்னா இவனுங்க கேக்கறதில்ல. விடற வரைக்கும் உசுரோட இருக்கட்டும்னு கொதிக்க வெச்சுக் குடுக்கறோம்" என்றான் கவுஸ்.

"இதை வூட்லயே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா பால் காய்ச்சற குண்டானைக் குடுத்திருப்பியா?"

"மாட்டேன்" என்றாள் வஹிதா.

பிறகு மூட்டையைப் பிரித்து மூடியை எடுத்து நீட்டினாள்.

"மூடிக் கொதிக்க வைங்க. சீமெண்ணெய் சும்மாவா வருது?"