பிரித்து வைத்த ஜோடி

“இன்னைக்கு எப்படியாவது ரெண்டையும் சேர்த்து வச்சிடணும் செரீபா. இனியும் தள்ளிப் போட்டா சரிவராது” என்றார் சரிபுதீன்.

செரீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அல்லாஹ் இப்பவாவது உங்க மனசத் தெறந்தானே! மருமகன் காலைல இருந்து கூடத்துல உக்காந்திருக்காரு. போயி ரெண்டு வார்த்தை பேசுங்க.”

“நான் மீனைச் சொல்றேன்.”

கொட்டகலைக் கடைவீதியில் சரிபுதீனுக்குத் துணிக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன துரை ஒருவர், ஒரு கண்ணாடித் தொட்டியையும் சிக்லிட் என்ற சண்டைக்கார மீன் ஜோடியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். போன மாதம் ஆண் மீன் பெண்ணின் செட்டையைக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து தொட்டிக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு.

“மீனுக்கு இருக்குற கவலை பெத்த மகளுக்கு இல்ல” என்று முணுமுணுத்துக்கொண்டே செரீபா அடுப்படிக்குப் போனாள்.

கூடத்தில் மகள் உம்மு குல்சும் ஒரு மூலையிலும், அவள் கணவன் அன்ஸார் இன்னொரு மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அன்ஸாருக்குக் கம்பளையில் சைக்கிள் கடை. அவன் தன் தங்கையின் முன்னால் சொன்ன ஒரு வார்த்தைக்காகக் கோபித்துக்கொண்டு வந்தவள், மூன்று மாதமாகத் திரும்பிப் போகவில்லை. இன்று அழைத்துப்போக வந்தும் அவன் வாய் திறக்கவில்லை. அவளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தேநீர் ஆறிப்போயிருந்தது. மூன்று மணிக்கு ரயில்.

சரிபுதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்து வாசல் வரை போவார்; எட்டிப் பார்ப்பார்; தொட்டிக்கே திரும்பி வருவார்.

ஆண் மீனுக்குத் தன் இடம் அடையாளம் தெரியக்கூடாதென்று கற்களை இடம் மாற்றினார். மண்சட்டியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாகத் தடுப்பை உயர்த்தினார். ஆண் மீன் அம்பு போலப் பாய்ந்தது. பெண் மீன் சட்டிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அவசரமாகத் தடுப்பை இறக்கினார்.

ஓயா ஆற்றில் பிடித்த கெண்டை மீன் ஒன்று ஜாடியில் இருந்தது. பெண் மீனை வலையால் அள்ளி ஆணின் பக்கமே விட்டார். தடுப்புக்கு அப்பால், காலியான பாதியில், கெண்டையை விட்டார்.

பெண்ணைத் துரத்தப் போன ஆண் மீன் சட்டென்று நின்றது. புதியவனைக் கண்டதும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, செவுள்களை விரித்துக்கொண்டு கண்ணாடியை முட்டின. சரிபுதீன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

“என்ன மருமகன், சைக்கிளுக்குக் காத்தடிக்கிற வேலைய விட்டுட்டு எவ்வளவு நேரம் இங்க உக்காந்திருப்பீங்க?”

அன்ஸார் திடுக்கிட்டு எழுந்தான். மாமா இதுவரை யாரையும் அதட்டி அவன் கேட்டதில்லை.

“பஞ்சர் ஒட்டுற ஆளுக்கு மகளைக் கட்டிக் கொடுத்தது என் புத்தி கெட்ட வேலை. அவ வரமாட்டா. நீங்க போகலாம்.”

“வாப்பா!” என்று கத்தினாள் குல்சும். “அவரு உழைச்சுச் சாப்பிடுறாரு. யார்கிட்டயும் போயிக் கை நீட்டல. இப்படியெல்லாம் பேசாதீங்க.”

“நீ வாய மூடு. கோவம் வந்தா ஊட்ட விட்டு ஓடி வர்றவதானே நீ? உன்னைய வச்சு எவன் குடும்பம் நடத்துவான்?”

அன்ஸாரின் முகம் சிவந்தது. “மாமா, என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அவளச் சொல்லாதீங்க. அன்னைக்குத் தப்பு என் மேலதான்.”

குல்சும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பையோடு வந்தாள். அன்ஸார் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“இனிமே இந்த வாசலை மிதிக்க மாட்டேன் வாப்பா” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

செரீபா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அவள் தூறலில் நனைந்து திரும்பி வந்தபோது, சரிபுதீன் கடையில் நின்று ஒரே கைலிச் சாரத்தை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

“நீங்களும் ஒரு மனுசனா? பேசி அனுப்பி வைங்கன்னு சொன்னா, பெத்த புள்ளைய விரட்டி விட்டுட்டீங்களே!” என்று வெடித்தாள் செரீபா. “ரயில் கெளம்புற வரைக்கும் அழுதா. உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டாளாம். பெருநாளைக்குக் கூட வரமாட்டாளாம்.”

சரிபுதீன் சாரத்தை மறுபடியும் மடித்து வைத்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்:

“ரெண்டு பேரும் ஒரே பெட்டியிலதானே ஏறினாங்க?”