பின்னால் வருகிறவன்

ஏம்பலத்தில் மவுண்டன் பைக் பந்தயம். நண்பர்கள் மூவரும் ஓட்டினோம். முன்னால் போகிறவன் "குழி" என்று கத்தினால், பின்னால் வருகிறவன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் இருக்கிறான் என்று அப்படித்தான் தெரியும்.

கரும்புக்கொல்லை நடுவே "குழி" என்றேன்.

"குழி. மெதுவா போடா, எருமை," என்றான் அரிகரன்.

போன் அடித்தது. கடைசியாக வந்துகொண்டிருந்த சிலம்பரசன்.

"அரிகரன் மதகாண்ட விழுந்து கெடக்கான்டா. மூச்சு இழுக்குது. திரும்பி வா."

பின்னால் பார்த்தேன். மதகைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தேன்; பாதையில் யாருமில்லை.

அரிகரனை ஏற்றிய ஆம்புலன்ஸில் என்னையும் ஏறச் சொன்னார்கள். ஏறவில்லை. வில்லியனூர் ரோட்டில் தனியாக மிதிக்கிறேன். பள்ளமே இல்லாத தாரில் "குழி, குழி" என்று கத்துகிறேன். பின்னாலிருந்து பதில் வருகிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் தொலைவிலிருந்து. குரல் அறுந்துவிடக் கூடாதென்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறேன்.