சிவப்பு வட்டம்

கார்ட்டூன் படக் கம்பெனியில் காட்சிகளைச் சரிபார்ப்பது அவருடைய வேலை. கல்யாணமான நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனைவி, அன்று லேப்டாப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“படங்களை வரிசையா ஓட்டிப் பார்ப்பீங்களே, அந்த சாஃப்ட்வேரை எனக்கும் சொல்லிக்கொடுங்க.”

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“ரொம்ப சுலபம்மா. படமெல்லாம் இருக்கிற ஃபோல்டரை இழுத்து இதுல போடு. ஸ்பேஸ் பட்டனைத் தட்டினா ஓடும். அம்புக்குறியைத் தட்டினா ஒவ்வொரு படமா நகரும்.”

“தப்பு எந்தப் படத்துல ஆரம்பிக்குதுன்னு தெரியணும்னா?”

“அங்கேயே நிறுத்தி, சிவப்புல வட்டம் போடு. செஞ்ச ஆள் அப்புறம் வாயே திறக்க முடியாது.”

“அப்படியா!” அவள் முகம் மலர்ந்தது.

பெருமை தாங்காமல் அவர் தங்கைக்கு போன் போட்டார். “உன் அண்ணிக்கு என் வேலை மேல எவ்வளவு ஆர்வம் தெரியுமா? கற்பூர புத்தி!”

பேசி முடிப்பதற்குள், “கொஞ்சம் வந்து பாருங்க” என்று மனைவி கூப்பிட்டாள்.

திரையில் அவர்களுடைய படுக்கையறை. முந்தின இரவு அலமாரி மேல் அவள் வைத்திருந்த செல்போன், நிமிஷத்துக்கு ஒன்றாக எடுத்த படங்கள். அவள் அம்புக்குறியைத் தட்டத் தட்ட, இருவருக்கும் பொதுவான போர்வை அவர் பக்கமாகவே நகர்ந்தது. கடைசிப் படத்தில் அவர் பொட்டலமாகச் சுருண்டிருக்க, அவள் குளிரில் குறுகிக் கிடந்தாள். போர்வையைப் பிடித்திருந்த அவர் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

“தினமும் நான்தான் இழுக்கறேன்னு சண்டை போட்டீங்களே, இப்ப சொல்லுங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு ஆபீஸ் குரலில் சொன்னார்:

“லைட்டிங் சரியில்லை. ரீடேக் போகணும்.”