சாப்பாட்டுக்கு முந்தின மசோதா

நாளை முதல் அவைக்கு நீண்ட விடுமுறை. தீயணைப்பு வீரர்களின் காப்பீட்டு மசோதா இன்று நிறைவேறாவிட்டால் கிடப்பில் போடப்பட்டுவிடும். ஆளுங்கட்சிக் கொறடா அலட்டிக்கொள்ளாமல் தேநீரை ஆற்றுகிறாள். கண்ணாடிக் குவளையில் காலை வெயில் மின்னுகிறது. எதிரே எதிர்க்கட்சிக் கொறடா மேஜையைத் தட்டுகிறார். "எங்க ஆளுங்க ஒருத்தர் விடாம பேசுவாங்கம்மா. சாயங்காலம் வரைக்கும் இழுப்போம், பார்த்துக்கோ!" "தாராளமா பேசட்டும் அண்ணே. மசோதாவை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்துக்கலாம். எல்லாரும் பேசி, ஓட்டெடுப்பும் முடிஞ்சாத்தான் சாப்பாடு." "அப்புறம் பேச்சு மாறக் கூடாது!" ஜெயித்துவிட்ட மிதப்பில் அவர் மீசையை நீவியபடி வெளியேறுகிறார். கதவு சாத்திக்கொண்டதும் அவள் கேண்டீனுக்குப் போன் போடுகிறாள். "மாஸ்டர், இன்னைக்கு வெங்காயத்தை நல்லா மணக்க மணக்க வதக்குங்க. அவைப் பக்கத்து ஜன்னலை மட்டும் அகலமாத் திறந்து வைங்க."