மேற்பார்வைக்கு ஏற்ற முகம்

2006 மே 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. வெளியே அனல் காற்று. விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில், மண் அரைவைப் பிரிவின் மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல். கன்னம்வரை படர்ந்த மீசையுடன் காத்திருந்த பழமலைநாதன், பக்கத்தில் வந்து அமர்ந்த மீசையில்லாத இளைஞனைக் கண்டதும், அவனும் அதே வேலைக்கு வந்தவன் என்றெண்ணி, போட்டியில் தாம் வென்றுவிட்டதாகவே தீர்மானித்தார்.

“தம்பிக்கு இன்னும் மீசை மொளைக்கலியா? டெஸ்டோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் இருக்குது. மீசை, கட்டைக் குரலு, அகண்ட தோளு எல்லாம் அது குடுக்கிறதுதான். பேப்பர்ல போட்டிருந்தாங்க. அது இல்லாதவன் அதட்டுனா எவன் வேலை செய்வான்?”

“வழுக்கையும் அதோட வேலைதானாமேங்க?”

பழமலைநாதன் தம் உச்சந்தலையைத் தடவினார். “அதைப் போடலியே!”

இளைஞன் சிரிக்காமல் பையிலிருந்து தூசு முகமூடி ஒன்றை எடுத்து அவர் முகத்தில் பொருத்தினான். மீசை இருபுறமும் பிதுங்கியது.

“நான் சேரன், இங்க பாதுகாப்பு அதிகாரி. இந்த மீசை இடுக்கு வழியா மண் தூசு நேரா நுரையீரலுக்குப் போயிடும். எனக்கும் ஹார்மோன் குறைவில்லைங்க; இதுக்காகத்தான் தினமும் வழிச்சிடறேன். மீசையா, பதவியான்னு எழுதிக் குடுத்துடுங்க.”

கால் மணி நேரம் பேனாவுடன் போராடிய பழமலைநாதன், மீசையை மழிக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்ட தாளை நீட்டினார்.

“இந்தாங்க, சார்.”