மூன்று முறை படித்தவர்

எந்தப் புத்தகம் எப்போது வீட்டுக்கு வந்தது, எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதையெல்லாம் அலமாரியே பதிந்துகொள்ளும். படித்தவர் பெயரை மட்டும் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். செல்வின் எல்லாவற்றுக்கும் தன் பெயரையே கொடுத்திருந்தான். நண்பர்களிடம் காட்டிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி, போன வாரம் தடைசெய்யப்பட்ட நாவலை அலமாரியிலிருந்து உருவினார்.

"மூணு தடவை படிச்சிருக்கீங்க. அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

"அய்யோ சார், சும்மா பந்தாவுக்குப் போட்டது. ஒரு பக்கம்கூட நான் புரட்டல."

"அப்ப யாரு புரட்டினது?"

அதிகாரி புத்தகத்தை விரித்தார். பக்க ஓரங்களில் மஞ்சள் படிந்த விரல் தடங்கள் இருந்தன. நடுவில், அடையாளத்துக்கு வைத்த கறிவேப்பிலை ஒன்று காய்ந்து கிடந்தது.

அடுக்களையில் அவன் மனைவி பெனிட்டாவின் கரண்டிச் சத்தம் நின்றது. அவள் படிப்பாள் என்பதே செல்வினுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான்தான் சார்," என்றான். "சமைச்சுக்கிட்டே படிக்கிற பழக்கம்."

"நல்ல பழக்கம்," என்றார் அதிகாரி. "கதை எப்படி முடியுது, சொல்லுங்க."

செல்வின் புத்தகத்துக்குக் கை நீட்டினான். அதிகாரி அதை மூடிவிட்டார்.

பெனிட்டா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.